கருவி கத்திய இடம்

ஒரு புதன்கிழமை காலை ஏழே காலுக்கு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, என் முன்னறையை மீட்டே தீருவது என்று சபதம் செய்தேன். வாயில் நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. என் மனைவி அப்போது இரண்டடி தள்ளி நின்று துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு பால்கனி. முன்னறை ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி கிடக்கும். வேலை விட்டு வந்ததும் அதில் சாய்ந்து காலை நீட்டினால், அரை மணி நேரத்துக்கு நான் மகாராஜா. எட்டு மாதத்துக்கு முன் என் மனைவி அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை மாட்டினாள். அழகாக இருக்கிறது என்றேன். மறுவாரம் கண்ணாடிக்கு எதிரே ஒரு சுழல் நாற்காலி வந்தது. அட, சுற்றுகிறதே என்று நானே இரண்டு சுற்றுச் சுற்றினேன். அதற்கு மறுவாரம் வாசலில் 'பெண்கள் அழகு நிலையம்' என்று பலகை தொங்கியது. அப்புறம் நான் எதுவும் சொல்லவில்லை. நின்று சொல்ல அறையில் இடமில்லை. சாய்வு நாற்காலி பால்கனிக்குப் போனது. நாற்காலி போன இடத்துக்கு நானும் போனேன்.

பால்கனியில் எனக்கு ஒரு சின்ன வசதி இருந்ததை மறைப்பானேன். சின்னது என்றால் விரல் நீளம்தான். ஆறு மாதத்துக்கு முன், என் இருமலைக் கேட்டுப் பயந்துபோன மனைவி, இனி சிகரெட்டைத் தொடுவதில்லை என்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். சத்தியத்தை இம்மி பிசகாமல் காப்பாற்றி வந்தேன், ஒரு நாளைக்கு மூன்று தவிர. பெட்டி பூந்தொட்டிக்குப் பின்னால் இருக்கும். பெப்பர்மின்ட் சட்டைப் பையில் இருக்கும். நாள் முழுக்க நெயில் பாலிஷிலும் ஹேர் ஸ்ப்ரேயிலும் நிற்கிறவள் மூக்குக்கு என் புகை எங்கே எட்டப்போகிறது? அவள் கடையின் நெடிதான் எனக்குக் கவசம். அந்தக் கவசத்தையே கழற்றி எறியக் கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் என் புத்திசாலித்தனம் நிற்கிறது.

சபதத்துக்குக் காரணம் அவள் துண்டு மடித்தபடியே கேட்ட ஒரு கேள்வி.

"ஏங்க, நெடி நெடின்னு எட்டு மாசமா புலம்பறீங்களே, உங்க ஃபாக்டரியில நெடி கண்டுபிடிக்கிற மிஷின் எல்லாம் சும்மா பேச்சுக்குத்தானா?"

நுரையோடு முறைத்தேன்.

"இல்ல, அதெல்லாம் பெரிய இடத்துச் சமாச்சாரம். நம்ம வீட்டுக்கெல்லாம் லாயக்குப்படாது. நீங்க வாயைக் கொப்புளிங்க."

நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக். ஆலையில் விஷவாயு கசிந்தால் கத்துகிற கருவிகள் நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன. அவை ஒழுங்காகக் கத்துகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. தினமும் காலையில் சின்னச் சிலிண்டரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் வாயு காட்டுவேன். கத்தினால் பாஸ். கத்தாவிட்டால் ஃபெயில். பதினேழு வருஷமாகக் கத்துகிறவர்களுக்கே பாஸ் போட்டுப் பழகியவன். வீட்டிலும் அந்தப் பழக்கம் தொடர்கிறது.

சாப்பிடும்போது இதையெல்லாம் மனைவிக்கு விளக்குவேன். எந்த வாயுவுக்கு எந்தக் கருவி, எதை எங்கே வைத்துச் சைபர் செய்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், எதைச் செய்தால் கருவி ஏமாறும் என்று ஒன்று விடாமல் சொல்வேன். அவள் 'ம்' என்பாள். நடுவில் "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். பதினேழு வருஷத்தில் ஒரு வார்த்தை அவள் காதில் ஏறியிருக்குமா என்பது என் நீண்டகால மனக்குறை.

அப்படிப்பட்டவள் என் கருவி லாயக்கில்லை என்கிறாள். கொப்புளித்து முடிப்பதற்குள் திட்டம் தயார். ஆலையிலிருந்து ஒரு கருவியைக் கொண்டுவருவது. குடியிருப்புச் சங்கச் செயலாளரை வரவழைப்பது. அவர் கண்முன்னால் முன்னறையில் கருவியைக் கத்தவைப்பது. ஆபத்தான இடம் என்று சங்கம் கடையை மூடிவிடும். நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம். கெட்ட பெயர் கருவிக்கு, முன்னறை எனக்கு.

செயலாளருக்கு 'தீர்மானம்' என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். மாடிப்படியில் பூனை படுத்திருந்தால்கூட அதற்கு ஒரு தீர்மானம் எழுதுவார். கக்கத்தில் எப்போதும் ஒரு நீள நோட்டு. அந்த நோட்டில் எங்கள் வீட்டு மனு ஒன்றும் ஆறு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பால்கனியை அடைத்து, புகைபோக்கி விசிறி வைத்து, கடையை அங்கே மாற்றிக்கொள்ள அனுமதி வேண்டும் என்று என் மனைவி கொடுத்த மனு. வீடு என் பேரில் இருப்பதால் என் கையெழுத்தும் வேண்டும். நான் "யோசிக்கலாம், யோசிக்கலாம்" என்று ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மிச்சமிருந்ததே அந்தப் பால்கனி ஒன்றுதான்.

வியாழக்கிழமை ஸ்டோருக்குப் போனேன். எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு ஸ்க்ரூ கொடுக்க மூன்று கையெழுத்து கேட்பவர். கருவி இரவல் வாங்க மஞ்சள் சீட்டு ஒன்று நிரப்ப வேண்டும். எதற்காக, சோதிக்க வேண்டிய இடம் எது, எத்தனை நாளைக்கு என்று கட்டம் கட்டமாகக் கேட்கும். பொய்களை வரிசையாக மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

"சார், கழிச்சுக் கட்டின பழைய டிடெக்டர் ஒண்ணு இருக்குமே, நாலு வாயு பாக்கறது..."

"இந்தாங்க" என்று மேஜைக்கடியிலிருந்து எடுத்து வைத்தார். "நேத்தே சார்ஜ் போட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சீட்டு?"

"அதெல்லாம் இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"கையெழுத்து?"

"போங்கன்றேன்ல. ஆமா, திங்கக்கிழமை எங்க வீட்டம்மா உங்க வீட்டுலதான் முடி வெட்டிக்கிட்டாங்க. ஜோரா இருக்கு. அம்மாவை ரொம்பக் கேட்டதா சொல்லுங்க."

முடி வெட்டிய மகிழ்ச்சியில் மனுஷர் இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பொய்களெல்லாம் வீணாகிவிட்டனவே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

கருவி உள்ளங்கை அகலம்தான். மஞ்சள் நிறம். நெற்றியில் சின்னச் சின்ன வலைக்கண்கள், அவைதான் அதன் மூக்கு. வயிற்றில் ஒரு குட்டித் திரை. அதில் நான்கு எண்கள்: எரியக்கூடிய வாயு, ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை தாண்டினால் ஊரைக் கூட்டும். மாலையில் மனைவி மளிகைக் கடைக்குப் போன சமயம், அந்த எல்லைகளை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கினேன். நெயில் பாலிஷ் ரிமூவரின் மூடியைத் திறந்து பக்கத்தில் காட்டினேன். கத்தியது பாருங்கள் ஒரு கத்து! என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை. அணைத்து, துடைத்து, ஃபிரிட்ஜ் தலைமேல் காலி டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தீர்மானம் வருவதாக ஏற்பாடு. ஒன்பதரைக்குப் பால்கனிக்குப் போய், வரப்போகும் வெற்றிக்கு முன்பணமாக ஒன்று பற்றவைத்தேன். பெப்பர்மின்ட் இரண்டாகப் போட்டுக்கொண்டேன். உள்ளே வந்தால் மூக்குக் கண்ணாடியைக் காணோம்.

"என் கண்ணாடியைப் பாத்தியா?"

"வெச்ச இடத்துல இருக்கும்."

"வெச்ச இடத்துல இல்லையே."

"அப்ப வெக்காத இடத்துல பாருங்க."

எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டால் எதையும் மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். அதற்குள் தீர்மானம் நோட்டோடு வந்துவிட்டார். சரி, கருவி கத்தத்தானே போகிறது, படிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கருவியை நான் ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்தபோது மனைவி துளிகூட ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

"சார், இந்த வீட்டுக் காத்துல ஆபத்தான வாயு இருக்குன்னு எனக்குச் சந்தேகம்" என்று தொடங்கினேன். "ஒரு குடும்பஸ்தனா எனக்குப் பொறுப்பு இருக்கு."

"இருக்கட்டும்ங்க" என்றாள் மனைவி. "ஆனா சார், அப்புறம் பேச்சு மாறக் கூடாது. மிஷின் எந்த இடத்துல கத்துதோ அந்த இடத்தைக் காலி பண்ணிடணும். கத்தாத இடத்தை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. எழுதிக்கலாமா?"

"தீர்மானமாவே எழுதிடறேன்" என்று நோட்டைப் பிரித்தார் அவர். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

தானாக வந்து தலையைக் கொடுக்கிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது. பாவத்தை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள். கருவியின் பொத்தானை அழுத்தி, ரிமூவர் பாட்டிலைத் திறந்து, அதன் வாய்மேல் நீட்டினேன்.

அமைதி.

பாட்டிலைக் குலுக்கினேன். அமைதி. ஹேர் ஸ்ப்ரேயை எடுத்துப் புஸ் என்று அடித்தேன். கருவி வாயைத் திறக்கவில்லை. முந்தாநாள் அப்படிப் பாடிய கருவி, இன்று கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது.

"எவ்வளவு காட்டுது சார்?" என்றேன்.

தீர்மானம் எட்டிப் பார்த்தார். "பாட்டில்கிட்ட வெச்சா சைபர்."

"தள்ளி வெச்சா?"

"மைனஸ் நாலு."

"மைனஸா?"

"மைனஸ்னா என்னங்க அர்த்தம்?" என்று அவர் என்னையே கேட்டார்.

நான் பதினேழு வருஷ அனுபவம் உள்ளவன். மைனஸ் வாயு என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. இல்லாத வாயு இன்னும் எப்படிக் குறையும்? தலை சுற்றியது. சுழல் நாற்காலி பக்கத்திலேயே இருந்ததால் உட்கார்ந்துகொண்டேன், அது இன்னும் சுற்றியது.

"எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லட்டுமா சார்?" என்றாள் மனைவி அடக்கமாக. "சைபர்னா சுத்தமான காத்து. மைனஸ்னா அதுக்கும் மேல சுத்தம். அப்படித்தானேங்க?"

"அது... அப்படின்னு சொல்ல முடியாது..."

"அப்ப எப்படின்னு சொல்லுங்க."

தீர்மானம் எழுத ஆரம்பித்தார்: "முன்னறைக் காற்று, சுத்தமான காற்றைவிட நாலு மடங்கு..."

"எழுதாதீங்க சார்! ஒரு நிமிஷம்!" என்று எழுந்தேன். கருவியின் மூக்கு அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். தூசி அடைத்தால் ஊதிவிட்டுப் பார்ப்பது எங்கள் தொழிலில் கைவந்த பழக்கம். கருவியை முகத்தருகே கொண்டுபோய், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, வலைக்கண்களில் நீளமாக ஊதினேன். பிறகு திரையைப் படிக்க மூக்கில் ஒட்டிவைத்துக்கொண்டேன்.

கருவி அலறியது.

"கத்துது!" என்று நான் குதித்தேன். "பாத்தீங்களா சார்! கத்துது! முன்னறை! விஷவாயு! எழுதுங்க, எழுதுங்க!"

நான் கத்தக் கத்த அதுவும் கத்தியது. இரண்டு பேரும் சேர்ந்து கத்தியதில் மாடி வீட்டில் ஜன்னல் திறந்தது. தீர்மானம் கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு பேனாவைத் தேடினார். அரை நிமிஷத்தில் அது ஓய்ந்துபோனது.

"நின்னு போச்சே?"

"குடுங்க இப்படி" என்று வாங்கி, மூக்கில் வைத்துப் பார்த்து, "நிக்க வாய்ப்பே இல்ல சார், இங்க வந்து..." என்று சொல்லத் தொடங்கினேன். மறுபடி அலறல்.

அவர் வாங்கினார். ஓய்ந்தது. நான் வாங்கினேன். விளக்கினேன். அலறியது. சமையலறையில் சோதித்துப் பார்க்கலாம் என்றார். அங்கே போனோம். அவர் கையில் இருந்தவரை சமையலறை சாது. நான் வாங்கி, "சார், அடுப்பு அணைஞ்சுதான் இருக்கு" என்றதும் அலறல். படுக்கையறையில் அலறல். குளியலறையில் அலறல், அங்கே எதிரொலியும் சேர்ந்துகொண்டது. பால்கனியில் கதவைத் திறந்துபோட்டுக் காற்று சிலுசிலுவென்று வீசியபோதும், "இங்க ஒண்ணும் இருக்காது சார்" என்று நான் சொன்ன மறுநொடி, பக்கத்துக் கட்டடத்து நாய் பதில் குரைக்கும் அளவுக்கு அலறல்.

எனக்குக் குழப்பம் உச்சிக்கு ஏறிவிட்டது. வீடு முழுக்க விஷவாயு இருக்கிறது. ஆனால் தீர்மானம் கையில் கொடுத்தால் இல்லை. என் கைக்கு வந்தால் இருக்கிறது. நான் சும்மா இருந்தால் இல்லை. பேசினால் இருக்கிறது. இதை எப்படியாவது அவருக்கு விளக்க வேண்டும். விளக்க வாயைத் திறந்தால் கருவி கத்துகிறது. கருவி கத்தும்போது நான் சொல்வது யார் காதிலும் விழவில்லை.

"நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்" என்றாள் மனைவி.

இதை அவள் தினமும் சொல்வதுதான். அன்றைக்கு அவள் பக்கம் ஒரு கருவியும் இருந்தது.

"அம்மா, மேல இருக்கற ரெண்டு நம்பரும் அசையல" என்றார் தீர்மானம், என் கையிலிருந்த கருவியின் திரையைக் கூர்ந்து பார்த்து. "இந்த மூணாவது மட்டும் இவர் பேசறப்ப இருபத்திரண்டுக்கு ஏறுது. இது என்ன வாயு?"

"கார்பன் மோனாக்சைடு" என்றேன். அலறல்.

"அது எதுல வரும்?"

இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். தெரிந்த கேள்வி வந்த உற்சாகத்தில் கடகடவென்று சொன்னேன். "எது அரைகுறையா எரிஞ்சாலும் வரும் சார். ஜெனரேட்டர், மூடின அறையில கரி அடுப்பு, வண்டிப் புகை, சி..."

நிறுத்தினேன்.

"முடிங்க" என்றாள் மனைவி.

"சி... சின்னச் சின்னதா நிறைய இருக்கு."

"பட்டியலை முடிங்க. பாதியில விடக் கூடாது. நீங்கதானே சொல்லியிருக்கீங்க, சாப்பாட்டுல உக்காந்து? 'சிகரெட் பிடிக்கறவன் மூச்சுல கார்பன் மோனாக்சைடு பல மணி நேரம் இருக்கும். அதனால டீ நேரம் முடிஞ்சு வர்ற எவனையும் நான் டிடெக்டர்ல ஊத விடமாட்டேன்.' நீங்க சொன்னதுதானே?"

நான் சொன்னதுதான். வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னாள். காது கொடுக்கவில்லை என்று பதினேழு வருஷமாக நான் குறைப்பட்டுக்கொண்டிருந்த காது.

"அப்ப அந்த மைனஸ்?" என்றேன் ஈனஸ்வரத்தில். கருவி அதற்கும் ஒரு கூவு கூவியது.

"நேத்து நீங்க குளிக்கப் போனப்ப ரிமூவர் பாட்டில் வாய்மேலயே மிஷினை வெச்சு ரெண்டு பட்டனையும் சேத்து அஞ்சு எண்ணற வரைக்கும் அமுக்கினேன். சுத்தமான காத்துல வெச்சுத்தான் சைபர் பண்ணணும், நாத்தத்துல வெச்சுப் பண்ணினா நாத்தத்தையே சுத்தம்னு நெனச்சுக்கும்னு சொல்லியிருக்கீங்கல்ல. புது மாடல் ஒத்துக்காது, பழசு கேள்வி கேக்காதுன்னும் சொன்னீங்க. சரியாத்தான் சொல்லியிருக்கீங்க."

பாராட்டினாளா திட்டினாளா என்று இன்றுவரை தெரியவில்லை.

தீர்மானம் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "சிக்கலா இருக்கேம்மா. 'கருவி கத்திய இடத்தைக் காலி செய்ய வேண்டும்'னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கத்தின இடம்னு பாத்தா... சார்தான். ஆளைக் காலி பண்ணச் சங்க விதியில இடமில்லையே."

"ஐயோ, அவர் இருக்கட்டும் சார்" என்றாள். "அவர் உக்காந்து ஊதற இடத்தைக் காலி பண்ணினாப் போதும்." பூந்தொட்டியை இடது கையால் நகர்த்தினாள். பின்னாலிருந்து பெட்டியை வலது கையால் எடுத்தாள். தேடவே இல்லை. நேராகப் போனாள். "ஆறு மாசமா தூங்குதே, அந்த மனு, இப்ப எழுப்பலாமா? என் கடை நெடியும் ஜாஸ்திதான், இவர் சொல்றதுல அது ஒண்ணு உண்மை. விசிறி வெச்சுட்டா எனக்கும் நல்லது, வர்றவங்களுக்கும் நல்லது."

தீர்மானம் மனுவைப் பிரித்து என்முன் வைத்தார். நான் கையெழுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் காகிதத்தில் மூக்கை ஒட்டினேன். மனைவி ஏப்ரன் பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் காதில் மாட்டிவிட்டாள்.

"இப்பத் தெரியுதா?"

எல்லாம் தெரிந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவர் போனபின் அவளிடம் சண்டை போடத்தான் நினைத்தேன். "நாலு பேர் எதிர்ல மானத்தை வாங்கிட்டியே" என்று ஆரம்பித்தேன். நாலு பேர் இல்லை, ஒருத்தர்தான்.

அவள் திறந்து கிடந்த பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"காலையில பல்லு தேய்க்கறப்ப எத்தனை தடவை இருமறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யார் எண்ணினா?"

"நான் எண்ணினேன். தெனமும் பக்கத்துல நின்னு துண்டு மடிக்கறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க? ஒரே துண்டைத்தான் திரும்பத் திரும்ப மடிக்கறேன். போன மாசம் எட்டு. இப்ப பதிமூணு." கடைசி மூடியை இறுக்கித் திருகினாள். "நீங்க கையில அடிச்சுக் குடுத்தீங்க. பொய்யின்னு சொல்லிச் சண்டை போட்டா இல்லேன்னு இன்னொரு சத்தியம் பண்ணுவீங்க. அதான், உங்க மிஷினே சொல்லட்டும்னு விட்டேன். எனக்குப் பயமா இருக்குங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு கருவிகளைத் தினமும் பார்த்துக்கொள்கிறேன், ஒரே ஒரு துண்டைக் கவனிக்கவில்லை. பெட்டியை நானே எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். இந்த முறை அவள் சத்தியம் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கருவியைக் கேட்டாள்.

மறுநாளிலிருந்து நடைமுறை மாறியது. காலை ஏழே காலுக்கு நான் பல் துலக்கி முடித்ததும் அவள் கருவியைச் சுத்தமான காற்றில் முறைப்படி சைபர் செய்து நீட்டுவாள். நான் ஊத வேண்டும். கத்தினால் ஃபெயில், டீ கிடையாது. கத்தாவிட்டால் பாஸ். பதினேழு வருஷமாகக் கத்தினால்தான் பாஸ் என்று பழகிய எனக்கு இந்த விதி ஒரு வாரம் பிடிபடவேயில்லை. இரண்டாவது நாள் ஆலை கேன்டீன் பின்னால் யாரோ நீட்டிய ஒன்றை மறுக்க மனமில்லாமல் வாங்கிவிட்டேன். மறுநாள் காலை வரை மூச்சில் என்ன தங்கியிருக்கப்போகிறது என்று தைரியமாக ஊதினேன். எல்லையைத்தான் நானே அடிமட்டத்துக்கு இறக்கிவைத்திருந்தேனே. கருவி காட்டிக்கொடுத்தது. இரண்டு நாள் டீ இல்லாமல் போனது.

பால்கனிக்குக் கண்ணாடி ஜன்னலும் விசிறியும் வந்தன. கடை அங்கே குடிபெயர்ந்தது. நெடியெல்லாம் வெளியே போய்விடுகிறது, அதில் குறை சொல்ல முடியாது. அப்போ முன்னறை எனக்குத்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"தாராளமா உங்களுக்குத்தான்" என்றாள். "காத்திருக்கறவங்க உக்கார நாலு நாற்காலி மட்டும் போட்டுக்கறேன்."

என் சாய்வு நாற்காலி பழையபடி ஜன்னலோரம் வந்துவிட்டது. நாலில் அதுவும் ஒன்று. மாலையில் நான் வரும்போது அதில் யாராவது தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு, காய்வதற்காகக் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். அரை மணி நேரத்துக்கு அவர்கள் மகாராணி. நான் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு ஆலையில் எந்தக் கருவி என்ன செய்தது என்று அவளுக்குச் சொல்வேன். 'ம்' என்பாள். இப்போதெல்லாம் அந்த 'ம்' கேட்டால், சொன்னதை ஒருமுறை திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். எதை மனதில் குறித்துக்கொள்கிறாளோ?

ஐந்து வாரம் ஓடியது. கருவி தொடர்ந்து மூன்று வாரம் கத்தவில்லை. இருமல் பதிமூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கிவிட்டதாக அவளே சொன்னாள். துண்டும் ஒரே மடிப்பில் முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னறை போனாலும், பால்கனி போனாலும், கருவியைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை என்னுடையது. அந்த யோசனையால்தான் நான் இன்று நல்லபடியாக மூச்சு விடுகிறேன். யோசனை என்னுடையது, யுக்தி அவளுடையது, ஆளுக்குப் பாதி என்று மனதுக்குள் பங்கு பிரித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

ஸ்டோர் கீப்பர் வாங்கித் துடைத்து வைத்தார். "வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். திடீர்னு ஒரு நாள் காலையில தோணிச்சு, கொண்டுபோனேன். நல்ல யோசனை."

"அப்படியா" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கோப்பைப் பிரித்து ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, திருப்பி வாங்கிக்கொண்டேன் என்று எழுதுவதற்காக மேஜையில் வைத்தார். என் பையில் எப்போதும் கிடக்கும் வெற்றுச் சீட்டுகளில் ஒன்றுதான். கையெழுத்து என் மனைவியுடையது. "எங்க வீட்டம்மா முடி வெட்டிக்க வந்தப்ப உங்க வீட்டம்மா குடுத்தனுப்பினாங்க" என்றார்.

கண்ணாடி இருந்தது. நன்றாகவே படித்தேன். 'எதற்காக' என்ற கட்டத்தில் 'சந்தேகம்' என்று இருந்தது. 'எத்தனை நாளைக்கு' என்ற கட்டத்தில் 'ஐந்து வாரம் பிடிக்கும்' என்று இருந்தது. 'சோதிக்க வேண்டிய இடம்' என்ற கட்டத்தில் 'என் வீட்டுக்காரர்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

கீழே தேதி போட்டிருந்தது: பல் துலக்கும்போது எனக்கு அந்த யோசனை உதித்த புதன்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை.